ராய வேலூரில் எழுதிய உயில்: 18-ஆம் நூற்றாண்டுப் படை அதிகாரியின் சொத்து யார் கைக்குப் போனது என்று தேடும் முறை

வடஆற்காட்டுச் சீமையில் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு சமையல்காரரின் பெயரோ குதிரைக்காரரின் பெயரோ தாளில் ஏற வழி மிகக் குறைவு. கோயில் கல்வெட்டு கொடை கொடுத்தவரைச் சொல்லும். வரிக் கணக்கு நிலம் வைத்திருந்தவரைச் சொல்லும். கூலிக்கு உழைத்தவர் தம் பெயரோடும் வேலையோடும், வரவேண்டிய தொகையோடும் தென்படுகிற அபூர்வமான இடம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகளின் உயில்தான். வேலூர், ஆற்காடு, ஆம்பூர், ஆரணி, வந்தவாசி என்று காவல்படை இருந்த ஊர்களில் எழுதிய உயில்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

தேடுகிறவர்களில் பலர் உயில் கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். "சமையல்காரருக்கு 20 வராகன் கொடுத்தார்" என்று எழுதிவிடுகிறார்கள் (வராகன் அன்றைய பொன் நாணயம்). அவர் கொடுக்கச் சொன்னார் என்பதுதான் உயிலிலிருந்து தெரியும். கொடுத்தார்களா என்பது வேறு தாளில் இருக்கிறது. ஆகவே ஒரு அதிகாரிக்கு மூன்று தாள்களைத் தேட வேண்டும்: உயில், இறந்தபின் எடுத்த சாமான் பட்டியலும் ஏலக் கணக்கும், நிறைவேற்றுநர் (உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கப் பொறுப்பேற்றவர்) கோர்ட்டில் வைத்த வரவு செலவுக் கணக்கு. மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முறையை இங்கே சொல்கிறோம்.

ராஜாவின் படையா, கம்பெனியின் படையா

தேடலைப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், படையிலிருந்து தொடங்குங்கள். சென்னை மாகாணத்தில் இரண்டு வகை அதிகாரிகள் இருந்தார்கள். கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய சிப்பாய் பட்டாளங்களின் அதிகாரிகள் ஒரு வகை. இங்கிலாந்து ராஜாவின் ரெஜிமென்ட்டோடு வந்து சில வருஷம் இருந்து போனவர்கள் இன்னொரு வகை. 1754-இல் வந்த 39-ஆம் ரெஜிமென்ட், ஹைதர் அலி போர்க்காலத்து 73-ஆம் ஹைலண்டர்கள், ஆற்காட்டில் முகாமிட்ட 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப்படை ஆகியவை ராஜாவின் படைகள். இவர்களுடைய சேவைப் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர்த்துறைத் தொகுதிகளில் இருக்கும். கம்பெனி அதிகாரியின் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும்: கேடட்டாகச் சேர்ந்த தாள்கள் எல்/எம்ஐஎல்/9 வரிசையிலும், சென்னைப் படையின் பதிவேடுகள் எல்/எம்ஐஎல்/11 வரிசையிலும். 1760 முதல் 1834 வரையான கம்பெனி அதிகாரிகளின் அகரவரிசைப் பட்டியல் ஒன்று 1838-இல் லண்டனில் அச்சானது. பதவி உயர்வு, இறப்பு ஆண்டுகளைச் சரிபார்க்க அது உதவும்.

இரு வகையினரின் உயிலும் ஒரே கோர்ட்டுக்கு வந்திருக்கலாம். சொத்து சென்னையில் இருந்தால் சென்னைக் கோர்ட்டுக்கு வந்தே தீர வேண்டும்.

எங்கே தேடுவது

உயிலை மெய்ப்பித்து புரொபேட் (உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று) கொடுக்கும் அதிகாரம் சென்னையில் மேயர் கோர்ட்டிடம் இருந்தது. 1726 சாசனத்தால் வந்த கோர்ட் அது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும் நின்றுபோய், 1753 சாசனத்தால் மீண்டும் உயிர்பெற்றது. நடுவிலுள்ள ஆண்டுகளில் ஒழுங்கான பதிவை எதிர்பார்க்க முடியாது. ஆற்காட்டு முற்றுகை நடந்த 1751 அந்த இடைவெளியில்தான் விழுகிறது. 1798-இல் ரிக்கார்டர் கோர்ட்டும் 1801-இல் சுப்ரீம் கோர்ட்டும் மேயர் கோர்ட்டின் வேலையை ஏற்றன.

1780-க்கு முந்தைய உயில் என்றால் மேயர் கோர்ட்டின் நடவடிக்கைத் தொகுதிகளுக்குள்ளே, வழக்குகளுக்கு நடுவில் புதைந்து கிடக்கும். இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இவை 'பி' (P) வரிசை. 1780-க்குப் பிறகு வேலை சுலபம்: உயில்களும், உயில் இல்லாமல் இறந்தவர் சொத்துக்கான நிர்வாக உரிமைப் பத்திரங்களும் எல்/ஏஜி/34/29 வரிசையில், சாமான் பட்டியலும் எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து) கணக்கும் எல்/ஏஜி/34/27 வரிசையில். இரண்டாவது வரிசையை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். உண்மையில் உயிலைவிட அதிகம் பேசுவது அதுதான். இவற்றுக்கான பெயர்ச் சுட்டிகள் பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் இணையத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. இந்தியா ஆபீஸின் குடும்ப வரலாற்றுப் பதிவுகள் பலவற்றின் படங்கள் ஃபைன்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்கு உண்டு.

சென்னையில் தேட விரும்புகிறவர்களுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மேயர் கோர்ட் தொகுதிகளோடு கோட்டை அரசின் ராணுவத் துறை ஆலோசனைக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. அடையாள அட்டை, அறிமுகக் கடிதம், என்ன தலைப்பு, எந்த ஆண்டுகள் என்று எழுதிய விண்ணப்பம் ஆகியவற்றோடு போக வேண்டும். "வேலூர் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் எதுவும் வராது. துறை, ஆண்டு, மாதம் சொல்லிக் கேட்டால் தொகுதி வரும். நொறுங்கும் நிலையில் உள்ள தொகுதியைத் தர மாட்டார்கள். அப்போது லண்டனுக்குப் போன நகல்தான் வழி. கம்பெனி எல்லாவற்றுக்கும் நகல் அனுப்பியது நமக்கு நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது இடம் கேன்டர்பரி பேராயர் கோர்ட். இங்கிலாந்திலும் பணமோ கம்பெனிப் பங்கோ வைத்திருந்த அதிகாரியின் உயில் அங்கேயும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கும். கியூவில் புரோப் 11 என்ற வரிசை அது, 1858 ஜனவரி வரை நீளும். பெயரோடு 'வேலூர்', 'ஆற்காடு', 'கோட்டை செயின்ட் ஜார்ஜ்', 'கிழக்கிந்தியத் தீவுகள்' என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். கப்பல் போய்ச்சேரவே சுமார் ஆறு மாதம் ஆன காலம். ஆகையால் இறந்த ஆண்டுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளாவது தேட வேண்டும். பொல்லிலூர்ப் போரில் 1780 செப்டம்பர் 10-இல் ஹைதர் அலியிடம் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர்களின் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. யார் இறந்தார், யார் இருக்கிறார் என்பது 1784-இல் கைதிகள் திரும்பிய பிறகே தெளிவானது. அதனால் அவர்களுடைய உயில்கள் இறந்த தேதிக்குப் பல ஆண்டு தள்ளிப் பதிவாகியிருக்கும்.

தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள்

1752 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு அடுத்த நாளை ஆங்கிலேயர் செப்டம்பர் 14 என்று எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆங்கிலத் தேதிகள் பிரெஞ்சுக்காரர் தேதிக்கு 11 நாள் பின்தங்கும். கம்பெனிப் படைத் தலைவர் கிளைவ் ஆற்காட்டுக்குள் நுழைந்தது பழைய கணக்கில் 1751 ஆகஸ்ட் 31, புதிய கணக்கில் செப்டம்பர் 11. அதோடு, அன்றைய ஆங்கில ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1750 பிப்ரவரி என்று எழுதிய உயில் நம் கணக்கில் 1751 பிப்ரவரி. இதைக் கவனிக்காவிட்டால், இறந்த பிறகு உயில் எழுதியவர் என்று ஒருவரை முடிவுகட்டிவிடுவோம்.

எழுத்தும் ஊரும்

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோர்ட் எழுத்தர் பதிவேட்டில் பெயர்த்தெழுதிய நகல். எழுத்து அழகாக இருக்கும், பெயர்கள் தவறாக இருக்கும். சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும், ஆனால் குறுக்குக்கோடு முழுதாக இராது. மேலே தூக்கி எழுதிய சிற்றெழுத்து சுருக்கத்தின் அடையாளம். நிறைவேற்றுநர், காலஞ்சென்றவர், மேற்படி போன்ற சொற்களை எப்போதும் சுருக்கியே எழுதினார்கள். முதல் வாசிப்பில் புரியாத சொல்லில் நின்று மல்லாடாமல் இடம்விட்டு மேலே போங்கள். அதே எழுத்தர் அதே சொல்லை அடுத்த பக்கத்தில் தெளிவாக எழுதியிருப்பார்.

ஊர்ப் பெயர்களில் வழி தவறுவது சுலபம். 'டிரினமாலி' என்று தெரிந்தால் அது திருவண்ணாமலை. ஆனால் எழுத்தர் ஓர் எழுத்தைக் கூட்டினால் இலங்கைத் திருகோணமலையாகிவிடும். 1782-க்குப் பிறகு ஆங்கிலப் படையினர் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறார்கள் என்பதால் பட்டாளத்தின் பெயரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 'டிரிவட்டூர்' செய்யாற்றங்கரைத் திருவத்தூராகவும் இருக்கலாம், சென்னைக்குப் பக்கத்துத் திருவொற்றியூராகவும் இருக்கலாம். 'காவெரிபாக்' காவேரிப்பாக்கம், 'வாண்டிவாஷ்' வந்தவாசி, 'சோலிங்கூர்' சோளிங்கர், 'ஆர்னி' ஆரணி. "வேலூர் காவல்படையில்" என்று எழுதினால் கோட்டை. "வேலூர் அருகே முகாமில்" என்றால் படை நடமாட்டத்தில் இருந்தது என்று பொருள். இந்த வேறுபாடு சட்டத்திலும் முக்கியம், கீழே வருகிறது.

ஆட்பெயர்களுக்கு மூன்று பத்தி (நெடுவரிசை) உள்ள தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் மூலத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. இரண்டாவதில் உங்கள் தமிழ் ஊகம். மூன்றாவதில் எந்தத் தாள், எந்தப் பக்கம். 'மூட்டூ' முத்து, 'பர்மால்' பெருமாள், 'சின்னடோம்பி' சின்னத்தம்பி, 'வெங்கடசெல்லம்' வேங்கடாசலம், 'ஆர்னசெல்லம்' அருணாசலம். இரட்டை 'ஓ' நம் உகரம், 'ஏயூ' நம் ஆகாரம் என்று பிடித்துக்கொண்டால் பாதிப் பெயர் வந்துவிடும். ஊகத்தை மூலத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். ஒரே ஆள் உயிலில் ஒரு விதமாகவும் ஏலக் கணக்கில் வேறு விதமாகவும் வருவார். மூலம் அப்படியே இருந்தால்தான் பின்னால் சேர்க்க முடியும்.

பெயருக்குப் பின்னால் 'நாயக்' என்று வந்தால் அவசரப்பட்டு நாயக்கர் என்று எழுதாதீர்கள். சிப்பாய்ப் பட்டாளத்தில் அது பதவி. சம்பளக் கணக்கிலோ பட்டாளப் பெயரோடோ வந்தால் பதவி, வீட்டு வேலைக்காரர் வரிசையில் வந்தால் குலப்பெயராக இருக்கலாம். அதேபோல 'பாய்' என்று எழுதியிருப்பவர் சிறுவன் என்று எண்ணிவிடக் கூடாது. பல்லக்குத் தூக்கிய போயிகளை அப்படித்தான் எழுதினார்கள். ஒன்பது பத்துப் பேர் கூட்டமாக வந்தால் பல்லக்குக்காரர்கள் என்று கொள்ளலாம்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. அக்கால ஆங்கிலத்தில் 'மலபார்' என்றால் தமிழர், தமிழ் மொழி. 'ஜென்டூ' என்றால் தெலுங்கு. 'மூர்' என்றால் முஸ்லிம். வேலூர் அதிகாரியின் "மலபார் வேலைக்காரர்" கேரளத்திலிருந்து வந்தவர் அல்ல, பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கலாம்.

உயிலின் உறுப்புகள்

கடவுளின் பெயரால் ஆமென் என்று தொடங்கும். பிறகு பெயர், பதவி, பட்டாளம், ஊர். நல்ல மனநிலையும் நினைவும் உடையவன் என்ற உறுதி. ஆத்துமாவைக் கடவுளிடமும் உடலை மண்ணுக்கும் ஒப்படைக்கும் வரி. இவை வாய்பாடு, இவற்றிலிருந்து ஆளின் பக்தியை அளக்க முடியாது. "நோயுற்றிருக்கிறேன்" என்று இருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதிய தேதிக்கும் இறந்த தேதிக்கும் இடையே சில நாளே இருக்கலாம்.

அடுத்தது கடன்களைத் தீர்க்கச் சொல்லும் வரி. அதன் பிறகு கொடைகள், ஒவ்வொன்றும் 'ஐட்டம்' என்ற சொல்லில் தொடங்கும். அந்தச் சொல்லுக்கு எண் போட்டுக்கொண்டே போனால் கொடைகளின் எண்ணிக்கை தவறாது. கடைசியில் "மீதி அனைத்தும்" யாருக்கு என்ற வரி, நிறைவேற்றுநர்களின் பெயர், கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். இதற்கும் கீழே பின்னிணைப்பு உயில் இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வேலைக்காரர்களுக்கான கொடை அங்கேதான் இருக்கும். உயில் ஊரில் உறவை நினைத்து எழுதியது, பின்னிணைப்பு படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் நின்றவர்களை நினைத்து எழுதியது.

நிறைவேற்றுநர்கள் சாதாரணமாக இரண்டு இடத்தில் இருப்பார்கள்: இந்தியாவில் உடன் பணியாற்றிய அதிகாரிகளோ சென்னை ஏஜென்சி வியாபாரியோ, இங்கிலாந்தில் சகோதரரோ மைத்துனரோ. இந்திய நிறைவேற்றுநர் இங்குள்ள சொத்தைப் பணமாக்கி, கடன் தீர்த்து, மீதியைக் கம்பெனி உண்டியல் (பணமாற்றுப் பத்திரம்) மூலம் லண்டனுக்கு அனுப்புவார்.

சாட்சி இல்லாத உயிலைப் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். 1677-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டப்படி நிலம் கொடுக்கத்தான் மூன்று சாட்சி வேண்டும். பணம், சாமான், பாத்திரம், கடன் பத்திரம் போன்ற அசையும் சொத்துக்கு 1837 வரை சாட்சி கட்டாயம் இல்லை. கையெழுத்தைத் தெரிந்த இரண்டு பேர் "இது அவர் எழுத்துதான்" என்று பிரமாணம் செய்தால் போதும். வாய்மொழி உயிலுக்கு அதே சட்டம் கடுமையான நிபந்தனைகள் வைத்தது: சொத்து 30 பவுனுக்கு மேல் என்றால் மூன்று சாட்சி, கடைசி நோயில் சொன்னதாக இருக்க வேண்டும், ஆறு நாளுக்குள் எழுத்தில் ஏற வேண்டும் அல்லது ஆறு மாதத்துக்குள் மெய்ப்பிக்க வேண்டும். போரில் ஈடுபட்டிருந்த படைவீரருக்கு மட்டும் இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை. மேலே சொன்ன "முகாமில்" என்ற சொல்லின் பலன் இதுதான். பென்சிலில் நான்கு வரி எழுதிய துண்டுத் தாளும் உயிலாக ஏற்கப்பட்டிருக்கும். இந்தச் சலுகை இன்றும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66-ஆம் பிரிவுகளில் தொடர்கிறது.

வேலைக்காரர்களுக்கு எழுதியவை

துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), பட்லர், சமையல்காரர், மேட்டி (பட்லரின் உதவியாள்), குதிரைக்காரர், புல்லறுப்பவர், பல்லக்குப் போயிகள், வண்ணார், சேவகர், கணக்கப்பிள்ளை. ஒரு கேப்டன் வீட்டில் இத்தனை பேரும் இருப்பார்கள். உயிலில் எல்லோரும் வர மாட்டார்கள். கொடை மூன்று வகையாக வரும்.

பெயர் சொல்லித் தொகை கொடுப்பது முதல் வகை. "நான் இறக்கும்போது என்னிடம் வேலையில் இருக்கும் வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் இத்தனை மாதச் சம்பளம்" என்பது இரண்டாவது. இதில் பெயர் இராது. பெயர்கள் எஸ்டேட் கணக்கின் சம்பளப் பட்டியலில் இருக்கும், அங்கே போய் எடுக்க வேண்டும். மூன்றாவது பொருள்: உடைகள், கட்டில், சமையல் பாத்திரம், சில சமயம் குதிரையும் சேணமும். பொருள் என்றதும் அற்பம் என்று நினைக்க வேண்டாம். நல்ல கம்பளி யூனிஃபாரம் கோட்டு ஏலத்தில் வராகன் கணக்கில் போனது.

சம்பளத்தையும் கொடையையும் பிரித்துப் பார்ப்பது இந்த வேலையில் மிக முக்கியமான இடம். பாக்கிச் சம்பளம் கடன். கொடை கடன் தீர்ந்த பிறகு வருவது. "சமையல்காரருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கவும்" என்றால் அது தாராள மனம் அல்ல, பாக்கி. துபாஷியின் விஷயம் இன்னும் சிக்கல். அதிகாரிக்குக் கைமாற்றுக் கொடுத்தவரே பெரும்பாலும் அவர்தான். உயிலில் துபாஷிக்கு 300 வராகன் என்றிருந்து, அதிகாரி அவருக்குத் தரவேண்டிய கடனும் 300-க்குள் என்றால், அந்தக் கொடையைக் கடனுக்கு ஈடாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளக் கூடும். கணக்கில் அவர் பெயர் கடன் கொடுத்தவர் வரிசையில் இருக்கிறதா, கொடை வரிசையில் இருக்கிறதா, இரண்டிலுமா என்று பாருங்கள்.

அடிமைகளும் இந்த உயில்களில் வருகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும், பஞ்சத்தில் விற்கப்பட்ட இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும். "விடுதலை கொடுக்கிறேன்" என்ற வரியைப் படித்ததும் நிறுத்தாமல், சாமான் பட்டியலில் அதே பெயர் விலையோடு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடன் மிஞ்சிய எஸ்டேட்டில் அந்த விடுதலை நிறைவேறியதா என்பதற்கு அதுவே பதில். பார்த்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட வேலைக்காரருக்குக் கொடையும் எழுதியிருந்தால், 1752-க்குப் பிறகு அந்தக் கொடை செல்லாமல் போக வாய்ப்பு உண்டு. அந்த ஆண்டின் சட்டம் சாட்சியை ஏற்றுக் கொடையை ரத்து செய்தது.

துணைவியும் பிள்ளைகளும்

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த உள்ளூர்ப் பெண்ணை உயில் 'என் பெண்', 'என் வீட்டுக்காரி', 'பீபி' என்றெல்லாம் குறிக்கும். பல சமயம் பெயரே இராது. பிள்ளைகள் 'இயற்கைப் பிள்ளை' என்ற சட்டச் சொல்லில் வருவார்கள். மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லாததால் பெயர் சொல்லி எழுதினால்தான் ஒரு காசாவது கிடைக்கும். ஆகவே பிள்ளையின் பெயர் இருக்கும், தாயின் பெயர் மறைந்துபோகும்.

தாயைத் தேட ஞானஸ்நானப் பதிவுகளுக்குப் போங்கள். சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேடுகள் 1680-இலிருந்து உண்டு. வேலூரில் நிரந்தரமாகப் பாதிரியார் இல்லாத காலங்களில் பிள்ளை பிறந்து பல ஆண்டு கழித்து, சென்னைக்குப் போனபோதோ யாரேனும் வந்தபோதோ, அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். பிறந்த ஆண்டை மட்டும் தேடினால் கிடைக்காது. ஞானஸ்நானத்தில் தாய்க்கும் புதுப் பெயர் வைத்திருக்கலாம். மரியா என்று உயிலில் வருபவரும் மீனாட்சி என்று பழைய கணக்கில் வருபவரும் ஒருவராக இருக்க முடியும். ஆனால் சான்று கிடைக்கும்வரை இருவராகவே வைத்திருங்கள்.

பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பச் சொல்லும் உயில்களும் உண்டு. வசதி குறைந்தவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். படையினரின் பிள்ளைகளுக்காகப் பெண்கள் காப்பகம் 1787-இலும் ஆண்கள் காப்பகம் 1789-இலும் சென்னையில் தொடங்கின. சட்டப்படி மணந்த மனைவிக்கு இன்னொரு வழி இருந்தது: வங்காள நவாப் மீர் ஜாஃபர் கிளைவுக்கு விட்டுப்போன ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு கிளைவ் ஏற்படுத்திய நிதி, 1770 முதல் கம்பெனிப் படையினரின் விதவைகளுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. உயிலில் மனைவிக்குக் குறைவாக எழுதியிருந்தால் கைவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லும் முன் அந்த நிதியின் பதிவில் அவர் பெயரைத் தேடுங்கள். நண்பர்களுக்கு 'துக்க மோதிரம்' வாங்கத் தொகை விடுவது வெறும் வழக்கம், அதற்கு அதிக எடை கொடுக்க வேண்டாம்.

பணக் கணக்கு

சென்னைக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். கம்பெனியின் பழைய புத்தகங்களில் 36 பணம் ஒரு வராகன் என்றும் வரும். எந்தக் கணக்கு என்று கூட்டலைச் சரிபார்த்துக் கண்டுபிடியுங்கள். இங்கிலாந்துக் கணக்குக்கு ஒரு வராகனைச் சுமார் 8 ஷில்லிங் என்று வைத்தார்கள், அதாவது 100 வராகன் 40 பவுன். 1818-இல் ரூபாய் சென்னையின் கணக்கு நாணயமானபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் ஆற்காட்டு ரூபாயின் மாற்று விலை ஏறி இறங்கியது, ஆகவே 1780-ஆம் ஆண்டுத் தொகையை மூன்றரையால் பெருக்கிவிட்டு உறுதியான எண் போல எழுதக் கூடாது. இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது வீண் வேலை. அதே எஸ்டேட் கணக்கில் அதே வேலைக்காரரின் மாதச் சம்பளம் இருக்கும், கொடை அதில் எத்தனை மாதம் என்று சொன்னால் வாசகருக்குப் புரியும்.

எஸ்டேட் கணக்கில் செலவு ஏறும் வரிசை: அடக்கச் செலவு, கோர்ட் செலவு, கடன்களும் பாக்கிச் சம்பளமும், பிறகு கொடைகள், கடைசியில் மீதி. நிறைவேற்றுநர் வழக்கமாக நூற்றுக்கு 5 வீதம் கமிஷன் எடுத்தார். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏலமும், அதிகாரிக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியும் சேர்ந்து வரவு 940 வராகன். அடக்கம் 35, கோர்ட் செலவு 25, கடன் 480, வேலைக்காரர் சம்பளப் பாக்கி 40, கமிஷன் 47. ஆக 627 போய் 313 நிற்கிறது. உயிலில் எழுதியதோ தாய்க்கு 200, துணைவிக்கு 150, சமையல்காரருக்கு 20, குதிரைக்காரருக்கு 10, இரண்டு மோதிரத்துக்கு 20, மொத்தம் 400. மீதி எல்லாம் தங்கைக்கு.

87 வராகன் குறைகிறது. முதலில் அடிபடுவது மீதிக்கு உரியவர், தங்கைக்கு ஒன்றும் இல்லை. பிறகு தொகைக் கொடைகள் எல்லாம் ஒரே வீதத்தில் குறையும், 400-க்கு 313. சமையல்காரருக்கு 15 வராகன் 27 பணம் 24 காசு. குதிரைக்காரருக்கு 7 வராகன் 34 பணம் 52 காசு. துணைவிக்கு 117 வராகன் 15 பணம் 60 காசு. எஸ்டேட் கணக்கில் இப்படி உடைந்த எண்களைப் பார்த்தால் எழுத்தர் பிழை என்று எண்ணாதீர்கள், கொடை வெட்டுப்பட்டதன் தடயம் அது. அவர்களுடைய பாக்கிச் சம்பளம் மட்டும் முழுதாகக் கிடைத்திருக்கும்.

குறிப்பிட்ட பொருளைக் கொடுத்தால் நிலை வேறு. "என் சாம்பல் குதிரை" என்று எழுதி, அந்தக் குதிரை முந்தின போரிலேயே செத்திருந்தால் கொடை அப்படியே விழுந்துவிடும், பதிலுக்குப் பணம் கிடையாது. குதிரை உயிரோடு இருந்தாலோ, பணக் கொடைகள் வெட்டுப்படும்போதும் அது வெட்டுப்படாது.

வரவுப் பக்கத்தில் நவாபின் கடன் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு வட்டிக்குக் கொடுத்து வைத்திருந்த அதிகாரிகள் பலர். தாளில் ஆயிரக்கணக்கான வராகன், கையில் ஒன்றுமில்லை. 1801-இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகச் சீமை கம்பெனி வசமான பிறகு, 1805 முதல் ஆணையர்கள் உட்கார்ந்து இந்தக் கோரிக்கைகளை விசாரித்தார்கள். கோரிய மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்கப்படவில்லை. நவாப் பத்திரத்திலிருந்து கொடை கொடுக்கச் சொன்ன உயில் என்றால், கொடை பெற வேண்டியவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொண்டு, ஆணையர் அறிக்கையில் பெயரைத் தேடுங்கள்.

ஏலப் பட்டியலும் கல்லறையும்

அதிகாரி இறந்ததும் பட்டாளத்தின் மேஜர் சாமான்களைக் கைப்பற்றிப் பட்டியல் போட வேண்டும் என்பது படைச் சட்டம். பிறகு கோட்டையிலோ முகாமிலோ ஏலம். கூடாரம், பல்லக்கு, கைத்துப்பாக்கி, தூரதர்சினி, மதேரா ஒயின், வெள்ளிக் கரண்டி, புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் பெயரும் விலையும் இருக்கும். வாங்கியவர் வரிசையைத் தனியாக எடுத்தால் அன்று வேலூர்க் காவல்படையில் யார் யார் இருந்தார்கள் என்பதே கிடைத்துவிடும். சிறு பொருள்களை வாங்கியவர்களில் தமிழ்ப் பெயர்களும் வரலாம். உயிலில் இல்லாத வேலைக்காரரை இங்கே சந்திக்கக் கூடும்.

இறந்த தேதிக்குக் கல்லறை உதவும். வேலூர்க் கோட்டைக்கு எதிரே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டமும், 1790-இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஆரணியில் எழுப்பிய நினைவுத் தூணும் தொடங்க ஏற்றவை. மாகாணம் முழுதுக்குமான கல்லறை எழுத்துகளின் பட்டியலைச் சென்னை அரசு 1905-இல் அச்சிட்டது. இன்று அழிந்துபோன கற்களின் வாசகமும் அதில் உண்டு. கல்லைப் படமெடுக்கக் காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணி வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். எழுத்தில் சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, இரும்புத் தூரிகையால் சுரண்டுவது, ஆசிட் ஊற்றுவது எல்லாம் கல்லைக் கொன்றுவிடும். தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கொடை கைக்குச் சேர்ந்ததற்குக் கடைசிச் சான்று ரசீது. கணக்கில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ரசீது எண் இருக்கிறதா பாருங்கள். எண் இருந்தால் கொடுத்திருக்கிறார்கள். எண் இல்லாமல் 'நிலுவை' என்றிருந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எஸ்டேட் ஒன்று பத்து ஆண்டு வரைகூட இழுத்துக்கொண்டு போகும். பதிவேட்டு நகலில் "மலபார் எழுத்தில் கையெழுத்திட்டது" என்று மட்டும் எழுத்தர் குறித்திருந்தால், மூல ரசீது தொகுதி இருக்கிறதா என்று காப்பகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். எழுத்தர் பெயர்த்தெழுதாமல் விட்ட அந்தத் தமிழ்க் கையெழுத்து கிடைத்துவிட்டால், உங்கள் மூன்று பத்தித் தாளில் அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை எடுத்துவிடலாம்.